சத்தம் வருகிறது, நாதம் வரவில்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அனலாக் சிந்தசைஸர் பற்றியவை. முப்பது ஆண்டுகளாக இந்தக் குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பவள் என்பதால் சந்தோஷமாகவே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். புதியவர்களுக்குச் சில வரிகள்: சிந்தசைஸர் மின்சுற்றால் ஒலி எழுப்பும் கருவி. ஆஸிலேட்டர் அலையை உண்டாக்கும், மிக்ஸர் அலைகளைக் கலக்கும், ஃபில்டர் கட்ஆஃப் என்கிற இடத்துக்கு மேலுள்ள ஒலியை வெட்டும். ரெசனன்ஸ் அந்த இடத்தைக் கூர்மையாக்கும். டிட்யூன் என்றால் ஓர் ஆஸிலேட்டரின் சுருதியைச் சற்று விலக்கி வைப்பது.

கேள்வி: அம்மா, வணக்கம். இரண்டு ஆஸிலேட்டர் உள்ள அனலாக் சிந்தசைஸர் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இசைத்தட்டுகளில் கேட்கிற கொழுத்த பேஸ் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. இரண்டு ஆஸிலேட்டரையும் முழுசாக ஏற்றி, ரெசனன்ஸையும் ஏற்றி, கொஞ்சம் டிட்யூன் செய்துதான் வாசிக்கிறேன். ஒரு சுரம் கனமாக விழுகிறது, அடுத்தது மெலிந்து போகிறது. கருவியே தரம் குறைந்ததா? பெரியதாக ஒன்று வாங்கிவிடட்டுமா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி. நீங்கள் எழுதிய மூன்றாவது வரியிலேயே காரணம் இருக்கிறது. "முழுசாக ஏற்றி" என்கிறீர்களே, அங்கேதான் பேஸ் தொலைகிறது.

முதலில் எல்லாவற்றையும் இறக்குங்கள். மிக்ஸரில் ஒரே ஒரு ஆஸிலேட்டர், ரம்பப் பல் வடிவத்தில் இருக்கும் சாடூத் அலை. ஃபில்டர் கட்ஆஃப் முழுக்கத் திறந்திருக்கட்டும். ரெசனன்ஸ் பூஜ்யம், என்வலப் அமவுண்ட் (சுரம் அழுத்தியதும் ஃபில்டர் தானாகத் திறந்து மூடும் அளவு) பூஜ்யம். கீழ் ஆக்டேவில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். கரடுமுரடாக, எரிச்சலாகத்தான் இருக்கும். சாடூத்தில் எல்லா ஹார்மோனிக்ஸும், அதாவது அடிச்சுருதியின் மடங்குகளில் ஒலிக்கும் மேல் சுருதிகளும், உண்டு. 55 ஹெர்ட்ஸ் சுரம் என்றால் 110, 165, 220 என்று மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவதற்குப் பாதி பலம், மூன்றாவதற்கு மூன்றில் ஒரு பங்கு. இத்தனையும் உள்ளே இருப்பதால்தான் ஃபில்டருக்குச் செதுக்குவதற்குக் கல் கிடைக்கிறது.

இப்போது கட்ஆஃபைக் கையால் மெல்ல இறக்குங்கள். மிக மெல்ல. ஒரு இடத்தில் எரிச்சல் போய், "ஊ" என்று வாய் குவிந்த மாதிரி ஆகும். அங்கே நிறுத்துங்கள். அடுத்து என்வலப் அமவுண்டைக் கொஞ்சம் ஏற்றி, அட்டாக்கை (எழும்பும் நேரம்) கிட்டத்தட்டப் பூஜ்யத்திலும், டிகேயை (இறங்கும் நேரம்) கால் நொடியை ஒட்டியும், சஸ்டெயினை (இறங்கி நிற்கும் அளவு) தாழ்வாகவும் வையுங்கள். சுரத்தை அழுத்தியதும் அந்த வாய் ஒருமுறை திறந்து மூடும். பேஸின் குத்து அங்கிருந்துதான் வருகிறது. ஆரம்பிக்கிற எல்லோரும் விடுகிற தவறு ஒன்று உண்டு. அமவுண்டை ஏற்றும்போது கட்ஆஃபை இறக்க மறந்துவிடுவார்கள். ஏற்கெனவே திறந்து கிடக்கும் ஃபில்டரை என்வலப் இன்னும் எங்கே திறக்கும்? கட்ஆஃப், அமவுண்ட், டிகே மூன்றையும் ஒரே குமிழாக நினைத்துப் பழகுங்கள். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் தொட்டே ஆக வேண்டும்.

ரெசனன்ஸ் விஷயம். மினிமூக் என்ற பழைய சிந்தசைஸரின் வழியில் வந்த, லேடர் எனப்படும் வகை ஃபில்டர்களில் ரெசனன்ஸை ஏற்ற ஏற்ற அடிச்சுருதியின் பலம் குறையும். அந்தச் சர்க்யூட்டின் இயல்பே அது. கட்ஆஃபை ஒட்டி ஒரு கூர்மை கிடைக்கிறது, அதற்கு விலையாக அடியிலிருந்து கனத்தைக் கொடுக்கிறீர்கள். பேஸுக்கு ரெசனன்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. குத்து தெரியும் அளவுக்கு, கால் பங்குக்குள் வையுங்கள்.

இனி டிட்யூன். ஒரு சுரம் கனம், அடுத்தது மெலிவு என்றீர்களே, அதை உங்கள் காது சரியாகப் பிடித்திருக்கிறது. ஒரு ஆஸிலேட்டர் 55 ஹெர்ட்ஸ், மற்றது 55.25 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் கால் ஹெர்ட்ஸ். அப்படியென்றால் நான்கு நொடிக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து எழும்பும், நடுவில் ஒன்றையொன்று தின்றுவிடும். அப்படித் தின்னும் நேரத்தில் 55 மறைந்துபோகிறது. ஆனால் 110 அப்போது இரண்டிலும் சேர்ந்தே நிற்கிறது. அதனால் உங்கள் பேஸ் ஒரு ஆக்டேவ் மேலே குதித்துவிட்டது போல ஒலிக்கும். நீங்கள் அரை நொடி சுரங்களாக வாசிக்கிறீர்கள். ஒவ்வொரு சுரமும் அந்த நான்கு நொடிச் சுற்றின் ஏதோ ஓர் இடத்தில் போய் விழுகிறது. ஒன்று குண்டாக, ஒன்று நோஞ்சானாக வருவது இதனால்தான்.

இதே குமிழ் இதே நிலையில் இருக்க, மூன்று ஆக்டேவ் மேலே 440-இல் வாசித்துப் பாருங்கள். இப்போது வித்தியாசம் 2 ஹெர்ட்ஸ், நொடிக்கு இரண்டு அலை. அங்கே அது அழகாக மினுமினுக்கும். ஆக, டிட்யூனுக்கு எல்லா இடத்துக்கும் பொருந்துகிற அளவு என்று ஒன்று கிடையாது. நீங்கள் வாசிக்கப்போகிற இடத்தில் வைத்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். பேஸுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். அடியை ஒரே ஆஸிலேட்டர் தாங்கட்டும். இரண்டாவதை ஒரு ஆக்டேவ் மேலே தூக்கி, அதைச் சற்று டிட்யூன் செய்து, மிக்ஸரில் முதலாவதில் பாதி அளவுக்கு வையுங்கள். அடி அசையாமல் நிற்கும், அசைவு மேலே நடக்கும்.

மிக்ஸர் அளவு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய அனலாக் சர்க்யூட்டுகள் பலவற்றில் மிக்ஸரிலிருந்து வருகிற பலம் ஃபில்டரையே நெருக்கும். 1970-இல் வந்த மினிமூக்கில் குமிழைப் பாதிக்கு மேல் ஏற்றினாலே ஃபில்டர் லேசாகத் திணற ஆரம்பிக்கும். அந்தத் திணறல்தான் பலர் மயங்குகிற கொழுப்பு. ஆனால் அதன் மூன்று ஆஸிலேட்டர்களையும் முழுக்க ஏற்றினால் குத்து நசுங்கிவிடும். என் முதல் கருவியில் மிக்ஸர் குமிழ்கள் வருடக்கணக்கில் முழு வட்டத்திலேயே இருந்தன. ஒருநாள் தூசி துடைக்கும்போது துணி பட்டு ஒன்று பாதிக்கு இறங்கிவிட்டது. கவனிக்காமல் ஒரு சுரத்தை அழுத்தினேன். தினமும் கேட்ட அதே பேட்ச், அதாவது அதே குமிழ் அமைப்பு. ஆனால் தொடக்கத்தில் ஒரு "டக்" வந்தது, அதன் பின்னால் ஃபில்டர் மூடிக்கொள்வது முதல்முறையாகத் தெளிவாகக் காதில் விழுந்தது. அன்று ராத்திரி முழுவதும் மிக்ஸர் குமிழ்களை மட்டுமே திருகிக்கொண்டிருந்தேன். நீங்களும் ஒரு மாலை முழுவதும் அதை மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: கருவியைப் போட்டதும் சுருதி சேர்க்கிறேன். கால் மணி நேரத்தில் கலைந்துவிடுகிறது. பழுது பார்க்கக் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். போட்டதும் சுருதி சேர்ப்பதை நிறுத்துங்கள், அது போதும். வாசிக்க உட்காருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஸ்விட்சைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். விசிஓ என்கிற, மின்னழுத்தத்தால் சுருதி மாறும் ஆஸிலேட்டரில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஆக்டேவ் ஏறும்படி கணக்குப் போடுவது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர்கள். அவை வெப்பத்துக்கு மிகவும் கூச்சப்படுகிறவை. ஈடுகட்டாமல் விட்டால் ஒரு டிகிரி செல்சியஸ் மாறினாலே ஆக்டேவுக்கு நான்கு சென்ட் தவறும் (ஆக்டேவில் 1200-இல் ஒரு பங்கு ஒரு சென்ட்). நல்ல கருவிகளில் அதை ஈடுகட்ட வெப்பத்தோடு சேர்ந்து மாறுகிற ரெசிஸ்டரை வைத்திருப்பார்கள். அதுவும் உள்ளே வெப்பம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். நேர் வெயிலோ ஏசிக் காற்றோ கருவி மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை மணி கழித்தும் கீழ் ஆக்டேவ் சரியாகவும் மேல் ஆக்டேவ் தவறாகவும் இருந்தால் அது வேறு விஷயம். உள்ளே ஸ்கேல் டிரிம்மரைச் சரிசெய்ய வேண்டும். தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

இந்தச் சுருதித் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்காகத்தான் டிசிஓ என்கிற, டிஜிட்டலால் கட்டுப்படும் ஆஸிலேட்டர் வந்தது. 1982-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60 அந்த வகை. சுருதியை டிஜிட்டல் கடிகாரம் பிடித்துக்கொள்ளும். ஒலிக்கிற ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே ஆஸிலேட்டர்தான், கூட ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும் ஒரு சப் ஆஸிலேட்டர். அசைவையும் அகலத்தையும் கொடுப்பது கோரஸ் என்ற எஃபெக்ட். ஆனால் என்னைக் கேட்டால், சேர்த்து முடித்த பிறகும் ஓரிரு சென்ட் அலைகிற விசிஓவைத்தான் விரும்புவேன். நீண்ட கார்வைகளில் அந்த அலைச்சல் தனி சுகம்.

கேள்வி: ஸ்ட்ரிங்ஸ் மாதிரி நீண்ட சுரம் பிடித்தால் செத்துப்போய்க் கிடக்கிறது. ரிவர்ப், டிலே எல்லாம் போட்டுவிட்டேன். இன்னும் என்ன எஃபெக்ட் வாங்கலாம்?

பதில்: எஃபெக்டை எல்லாம் ஒரு வாரம் அணைத்து வையுங்கள். செத்த ஒலிக்கு ரிவர்ப் போட்டால் பெரிய அறைக்குள் செத்த ஒலிதான் கிடைக்கும்.

சாடூத்தை விட்டு பல்ஸ் அலைக்கு மாறுங்கள். பல்ஸ் சரிபாதியாக இருந்தால் அது ஸ்கொயர், ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸ் மட்டுமே இருக்கும். அகலத்தை மூன்றில் ஒரு பங்காக்கினால் 3, 6, 9 காணாமல் போகும். கால் பங்காக்கினால் 4, 8, 12 போகும். அகலம் மாற மாற ஹார்மோனிக்ஸ் ஒவ்வொன்றாக ஒளிந்து ஒளிந்து திரும்பி வருகின்றன. இந்த அகலத்தை எல்எஃப்ஓ என்கிற மெதுவாக அலையும் ஆஸிலேட்டரின் முக்கோண அலையால் மூன்று நொடிக்கு ஒரு சுற்றாக மெல்ல அசையுங்கள். ஒரே ஆஸிலேட்டர் பலர் சேர்ந்து வாசிப்பது போல விரியும். அசைவின் ஆழம் மட்டும் அளவோடு இருக்கட்டும். அகலம் ஒரு முனை வரை போனால் ஒலி அறுந்துபோகும்.

அட்டாக்கைப் பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் நகர்த்துங்கள். ஐந்து மில்லிநொடிக்கும் ஐம்பது மில்லிநொடிக்கும் நடுவில் ஒரு பெரிய உலகமே இருக்கிறது. அங்கேதான் "தட்டியது" "ஊதியது" ஆக மாறுகிறது. கீபோர்ட் டிராக்கிங் (சுரம் ஏற ஏற ஃபில்டரையும் திறக்கும் வசதி) இருந்தால் பாதிக்கு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மேல் சுரங்கள் போர்வைக்குள் இருந்து பாடுவது போல மங்கிக் கேட்கும். வைப்ரட்டோவை, அதாவது சுருதி ஆட்டத்தை, நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள். நொடிக்கு ஐந்தாறு அலை என்று வேகத்தை வைத்துவிட்டு, மாடுலேஷன் வீலால் சுரம் பிறந்து சற்று வயதான பிறகு கொண்டுவாருங்கள். நல்ல பாடகர்கள் பலர் சுரத்தைத் தொட்ட கணத்திலேயே குரலை ஆட்டுவதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் உங்கள் இடது கை. வலது கை வாசிக்கட்டும், இடது கை கட்ஆஃபிலேயே இருக்கட்டும். இசை வாக்கியம் ஏறும்போது நூல் அளவு திற, இறங்கும்போது மூடு. அதைத் தொட்டு வாசிப்பதற்காகத்தானே குமிழை வெளியே வைத்திருக்கிறார்கள். பத்து நாள் செய்துவிட்டு எழுதுங்கள், எஃபெக்ட் பற்றி அப்போது பேசலாம்.

கேள்வி: நேரில் நன்றாகக் கேட்கிறது, பதிவில் மெலிகிறது. கூடவே "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல்.

பதில்: கருவியின் வால்யூமை நன்றாக ஏற்றி, கருவியைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் கெயினைக் குறையுங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்டர்ஃபேஸில் மைக் உள்ளீடு வேறு, லைன் உள்ளீடு வேறு, லைனில் சொருகுங்கள். அந்த "ம்ம்ம்" பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகள் வளையமாகிக் கிளம்பும் இரைச்சல். கருவி, கணினி, ஸ்பீக்கர் மூன்றுக்கும் ஒரே பவர் போர்டிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பிளக்கின் எர்த் முனையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றிவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. அகலம் வேண்டுமென்றால் ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்துப் பதிந்து, ஒன்றை இடமும் மற்றதை வலமும் வையுங்கள். நகல் எடுத்து ஒட்டினால் அந்த அகலம் வராது.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. என் கருவியில் மெமரி கிடையாது. நல்ல ஒலி ஒன்று கிடைத்தால் மறுநாள் அதைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. போனில் படம் எடுத்து வைக்கிறேன், அப்படியும் வரவில்லை.

பதில்: 1978-இல் புரொஃபெட்-5 என்ற சிந்தசைஸர் வந்து நாற்பது பேட்சுகளை மெமரியில் வைத்துக்கொண்டபோது அது பெரிய அதிசயம். அதற்கு முன் பெரும்பாலோர் காகிதத்தில்தான் குறித்தார்கள், நான் இன்றும் அப்படித்தான். படத்தில் குமிழின் நிலை தெரியும், எது முக்கியம் என்பது தெரியாது. பத்துக் குமிழில் இரண்டு மயிரிழை தவறினாலும் ஒலி போய்விடும், மற்ற எட்டு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அந்த இரண்டு எவை என்று எழுதி வைக்க வேண்டும்.

கடிகார முள் கணக்கில் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: "கட்ஆஃப் பத்து மணி. அமவுண்ட் இரண்டு மணி. டிகே பதினொன்று, இதைக் காதால் வை, பாட்டின் வேகத்துக்கு ஏற்ப மாறும். இரண்டாம் ஆஸிலேட்டர் ஆக்டேவ் மேலே, மிக்ஸரில் பாதிக்கும் கீழே, இருப்பது தெரியக்கூடாது, எடுத்தால் தெரிய வேண்டும். நாய்ஸ் ஒரு துளி. நடு ஆக்டேவுக்கு மேல் வாசிக்காதே." இதில் கடிகார எண்கள் மூன்றுதான். மீதியெல்லாம் எனக்கு நானே எழுதிக்கொண்ட கடிதம். நீங்கள் இன்று பிடிக்கிற ஒலிக்கு இப்படி ஒரு பக்கம் எழுதி, நாளை அதை மட்டும் பார்த்து வையுங்கள். எந்த வரி போதவில்லை என்று அப்போது தெரிந்துவிடும். முடிந்தால் அந்தத் தாளின் நகலை அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள், என் கருவியில் வைத்துக் கேட்டுப் பார்க்கிறேன்.