பழைய காருக்கு எந்தப் பவர் ஸ்டீயரிங் ஆயில்? கேளுங்கள், சொல்கிறேன்

பழைய கார்களின் ஸ்டீயரிங் பெட்டியையும் பம்பையும் பிரித்துப் பூட்டுவதுதான் என் வேலை. ஆயில் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், அதனால் வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 1964 மாடல் அமெரிக்க கார் வாங்கியிருக்கிறேன். கையேடு இல்லை, பம்புக்கு ஆயில் கொடுக்கும் டப்பாவின் மூடியில் இருந்த எழுத்தும் அழிந்துவிட்டது. என்ன ஊற்றுவது?

பெரும்பாலும் ஏடிஎஃப்தான், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றும் அதே சிவப்பு ஆயில். பவர் ஸ்டீயரிங்கோடு விற்பனைக்கு வந்த முதல் கார் 1951 கிரைஸ்லர் இம்பீரியல். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1949-இல், ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) டைப் ஏ என்ற ஏடிஎஃப்பை வெளியிட்டுவிட்டது. நல்ல ஹைட்ராலிக் ஆயில் ஒன்று கடையில் தயாராக இருந்ததால் அந்தக் காலத்துக் கையேடுகள் பலவற்றில் ஸ்டீயரிங்குக்கும் டைப் ஏ என்றே போட்டிருப்பார்கள். 1967-இல் அதன் இடத்துக்கு டெக்ஸ்ரான் வந்தது. இன்று டெக்ஸ்ரான் 3-க்கு ஏற்றது என்று எழுதிய ஏடிஎஃப் வாங்கினால் போதும். ஜிஎம் அந்தப் பெயருக்கு இப்போது உரிமம் கொடுப்பதில்லை, ஆகவே 'ஏற்றது' என்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: என்னுடையது 70-களின் ஃபோர்டு. டைப் எஃப் என்று போட்டிருக்கிறது. டெக்ஸ்ரான் ஊற்றினால் பம்ப் போய்விடுமா?

போகாது. டைப் எஃப் என்பது ஃபோர்டு கார்களுக்கான ஏடிஎஃப். டைப் எஃப்புக்கும் டெக்ஸ்ரானுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மருந்தில்தான், அது கியர் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஸ்டீயரிங் பம்பில் கிளட்ச் ஏது? அழுத்தத்தைக் கடத்துவது, பம்பின் உள்பாகங்கள் தேயாமல் பார்த்துக்கொள்வது, நுரைக்காமல் இருப்பது, ரப்பர் சீலை (ஆயில் கசியாமல் அடைக்கும் வளையத்தை) கெடுக்காமல் இருப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. ஆனாலும் டைப் எஃப் இன்னும் கிடைக்கிறது, கிடைக்கும்போது அதையே ஊற்றுங்கள். கியர் பெட்டிக்கு மட்டும் மாற்றி ஊற்றிவிடாதீர்கள், அது வேறு கதை.

கேள்வி: அண்ணா, சிவப்பு ஆயில் இருந்தால் சிவப்பு, பச்சை இருந்தால் பச்சை ஊற்றினால் சரிதானே?

சரியில்லை தம்பி. நிறம் வெறும் சாயம். இதற்கு சிட்ரோயன் டிஎஸ் என்ற பழைய பிரெஞ்சு காரை விட நல்ல உதாரணம் இல்லை. அதில் ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றும் ஒரே ஹைட்ராலிக் அமைப்பில் ஓடுபவை. பழைய மாடல்களில் எல்எச்எஸ் போன்ற சிவப்புத் திரவம் இருந்தது, அது ஏடிஎஃப் அல்ல. சிவப்பாக இருக்கிறதே என்று அதில் ஏடிஎஃப் ஊற்றினால் அத்தனை சீலும் வீணாகும். 1967 மாடலில் இருந்து எல்எச்எம் என்ற பச்சை மினரல் ஆயிலுக்கு மாறினார்கள் (அமெரிக்கா போன கார்களில் இன்னும் கொஞ்சம் தாமதமாக), கூடவே ரப்பரையும் மாற்றினார்கள், பழைய கறுப்பு வண்ணப் பாகங்களோடு குழம்பக் கூடாது என்று புதியவற்றுக்குப் பச்சை வண்ணமே அடித்தார்கள். ஒன்றின் ஆயில் மற்றொன்றின் ரப்பருக்கு எமன்.

அப்புறம், பென்டோசின் சிஎச்எஃப் 11எஸ் என்ற ஸ்டீயரிங் ஆயிலும் பச்சைதான், ஆனால் அது சிந்தெட்டிக், எல்எச்எம் இல்லை. 40 டிகிரியில் ஏடிஎஃப்பின் கெட்டித்தன்மையில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். ஏடிஎஃப்புக்காகச் செய்த தேய்ந்த பழைய சீல் வழியாக அது சுலபமாக வெளியே வந்துவிடும். நிறத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன ரப்பர் இருக்கிறது, அது எந்த ஆயிலுக்காகச் செய்தது என்று பாருங்கள். என்னிடம் யார் ஆயில் கேட்டாலும் நான் முதலில் கேட்பது சீலைப் பற்றித்தான்.

கேள்வி: தவறுதலாகப் பிரேக் ஆயிலை ஸ்டீயரிங் டப்பாவில் ஊற்றிவிட்டேன், ஒரு 100 மில்லி இருக்கும். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

ஸ்டார்ட் செய்யாதீர்கள்! சாவியைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். சாதாரண பிரேக் ஆயில் கிளைகால் வகை, ஏடிஎஃப்போடு கலக்காது, எடையும் அதிகம், அதனால் டப்பாவின் அடியில் போய்த் தங்கும். ஊசிக் குழாயோ சிரிஞ்சோ வைத்து அடி வரை உறிஞ்சி எடுங்கள், பிறகு டப்பாவையே கழற்றித் துடையுங்கள், கீழே பம்புக்குப் போகும் ஓஸையும் வடியவிடுங்கள். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, வெளிவரும் ஆயிலில் ஒரு சொட்டை ஒரு தம்ளர் தண்ணீரில் விடுங்கள். ஏடிஎஃப் மேலே மிதக்கும், பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்து காணாமல் போகும்.

ஸ்டார்ட் செய்து ஓட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். வேறொரு பட்டறையில் இப்படி ஊற்றி, சில வாரம் ஓடிய பிறகு என்னிடம் வந்த கார் அது. ஸ்டீயரிங் பெட்டியின் அடி சீலைக் கழற்றினால், விரலால் அழுத்திய பள்ளம் அப்படியே நிற்கிறது. உப்பிப்போய், உள்விளிம்பில் இருக்கும் சிறு ஸ்பிரிங் தன் பள்ளத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பம்ப், பெட்டி, ஓஸ் என்று ஒன்று விடாமல் மாற்ற வேண்டியதாயிற்று. காரின் உரிமையாளர் பேசாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், இன்றும் மனசு கேட்பதில்லை.

கேள்வி: ஆயில் மாற்றியதும் பம்ப் முனகுகிறது, டப்பாவில் இளஞ்சிவப்பு நுரை. ஆயில் தப்பா?

ஆயிலைக் குறை சொல்லாதீர்கள், அது காற்று. முன் சக்கரங்களைத் தரையில் இருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்தபடியே ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசி வரை மெதுவாக 20 முறை திருப்புங்கள், ஒருவர் டப்பாவில் அளவு குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். குமிழி வருவது நின்ற பிறகுதான் ஸ்டார்ட். கடைசி வரை திருப்பி 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், அழுத்தமும் சூடும் ஏறி பம்ப் கெடும். இதற்குப் பிறகும் நுரை இருந்தால் டப்பாவில் இருந்து பம்புக்கு வரும் ஓஸின் கிளிப் தளர்ந்திருக்கும், அங்கே ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் பலர் அதைக் கவனிப்பதில்லை.

கேள்வி: ரிட்டர்ன் ஓஸ் (ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் குழாய்) கிழிந்துவிட்டது. அளவு சரியாக இருக்கிறதே என்று ஹீட்டர் ஓஸ் போட்டுவிட்டேன்.

உடனே கழற்றுங்கள். ஹீட்டர் ஓஸ் பொதுவாக ஈபிடிஎம் ரப்பர், தண்ணீருக்கும் கூலன்ட்டுக்கும் செய்தது. ஏடிஎஃப் போன்ற மினரல் ஆயில் பட்டால் ஊறி மெத்தென்று ஆகி கிளிப்பில் இருந்து நழுவும், சூடான ஆயில் எக்ஸாஸ்ட் மேல் தெறித்தால் தீ. ஆயில் தாங்கும் என்று எழுதிய நைட்ரைல் ஓஸ் போடுங்கள்.

கேள்வி: கசிவை அடைக்கும் மருந்து?

சீலை உப்ப வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டும். நான் ஊற்றுவதில்லை, சீலை மாற்றுகிறேன்.

கேள்வி: டெக்ஸ்ரான் 6 புதியது, அதுதானே உயர்ந்தது?

கியர் பெட்டிக்கு உயர்ந்தது. ஆனால் அது 3-ஐ விடக் கொஞ்சம் மெல்லியது. பழைய பம்பில் தேய்மானத்தால் இடைவெளி கூடியிருக்கும், மெல்லிய ஆயில் அதன் வழியே நழுவி, சூடானதும் நின்ற இடத்தில் ஸ்டீயரிங் கனக்கும். புதிதாகச் சீல் போட்டு இறுக்கிய பம்ப் என்றால் தாங்கிக்கொள்ளும். மற்றபடி 3-க்கு ஏற்ற ஆயிலையே வாங்குங்கள், பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்து, ஊற்றி, சில நாள் ஓட்டி மீண்டும் உறிஞ்சி எடுங்கள். மூன்று நான்கு தடவையில் கறுப்பு போய் ஆயில் தெளிவாகிவிடும்.