அடுப்பை அணைத்த பிறகே சீஸ்

கேள்வி: மகளின் பிறந்தநாளன்று உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தொட்டுக்கொள்ளச் சீஸ் டிப் செய்தேன். கொதிக்கும் பாலில் துருவிய செடார் சீஸைப் போட்டுக் கிளறினேன். முதலில் அழகாக உருகியது. சற்று நேரத்தில் எண்ணெய் மேலே மிதந்து, அடியில் திரிந்த பால்போலத் துகள்துகளாக நின்றுவிட்டது. எங்கே தவறினேன்? விரைவாகச் செய்ய வழி உண்டா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, சூடுதான் கூடிப்போயிருக்கிறது. பாலின் புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு, அதற்குள் கொழுப்பையும் நீரையும் பிடித்து வைத்திருப்பதுதான் சீஸ். அந்த வலையின் முடிச்சுகளாக இருப்பது கால்சியம். மிதமான சூட்டில் வலை நெகிழ்ந்து வழிவதையே நாம் உருகுதல் என்கிறோம். அதுவே கொதிக்கும் பாலில் தொடர்ந்து கிடந்தால், ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல வலை சுருங்கி, உள்ளிருந்த கொழுப்பையும் நீரையும் வெளியே தள்ளிவிடும். தாங்கள் கண்ட எண்ணெய் அந்தக் கொழுப்பு. துகள்கள் சுருங்கிய புரதம்.

இதைத் தடுக்க இரண்டு காவல்கள் வேண்டும். ஒன்று, கொழுப்பு பிரியாமல் தாங்கிக்கொள்ளும் மாவு. மற்றொன்று, சீஸ் விழும் நேரத்தில் அடுப்பு அணைந்திருப்பது. அடிகனமான வாணலியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயைச் சிறுதீயில் உருக்கி, அதே அளவு மைதாவைச் சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை ஒரு நிமிடம் வறுங்கள்; நிறம் மாறக் கூடாது. பிறகு 200 மில்லி வெதுவெதுப்பான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கட்டி தட்டாமல் கரைத்த பின்னரே அடுத்த பங்கை ஊற்ற வேண்டும். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுக் கட்டிகளோடு போராடுவதைவிட, இந்த இரண்டு நிமிடப் பொறுமை நல்லது. பால் கொதி வந்து கெட்டியானதும் கரண்டியை எடுத்து அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் அப்படியே நின்றால் பதம் வந்துவிட்டது.

இப்போது அடுப்பை அணைத்துவிட்டு, கொதி அடங்க ஒரு நிமிடம் காத்திருங்கள். நன்றாகத் துருவிய 100 கிராம் சீஸை மூன்று பிடிகளாகப் பிரித்து, ஒரு பிடி முழுவதும் கரைந்த பிறகே அடுத்ததைப் போட்டு, ஒரே திசையில் மெதுவாகக் கிளறினால், பாத்திரத்தில் எஞ்சியிருக்கும் சூடே உருக்கப் போதுமானது. அரை தேக்கரண்டி மிளகுத்தூளும், நசுக்கிய ஒரு பல் பூண்டும், ஒரு சிட்டிகை கடுகுத்தூளும் சேர்த்தால் காரசாரமாக இருக்கும். கடுகுத்தூள் சீஸின் சுவையைத் தூக்கிக் காட்டும் என்பதால் அதை விட்டுவிடாதீர்கள். சீஸிலேயே உப்பு இருப்பதால், கடைசியில் சுவைத்துப் பார்த்துவிட்டுத் தேவையானால் மட்டும் உப்பிடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும். ஆகவே தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

எந்தச் சீஸ் என்பதும் முக்கியம். நெடுநாள் பழுக்கவைத்த செடார் மணமாக இருந்தாலும் எளிதில் துகள்துகளாகும். இளம் செடார் வழவழப்பாக உருகும். பீட்சாவுக்குரிய மொசரெல்லாவை மட்டும் போட்டால் டிப் நூல்நூலாக இழுபடும். முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கடையில் கட்டிகளாகவும் வில்லைகளாகவும் கிடைக்கும் புராசஸ்டு சீஸைத்தான். 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஷ்டெட்லரும் சோடியம் சிட்ரேட் என்னும் உப்பைச் சேர்த்துச் சூடாக்கி, கொழுப்புப் பிரியாத சீஸை உருவாக்கினார்கள். அந்த உப்பு புரத வலையிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொள்வதால், புரதம் தளர்ந்து கொழுப்பைச் சூழ்ந்து நிற்கிறது. தங்கள் வீட்டுச் சீஸ் உறையில் 331 அல்லது 339 என்ற எண் அச்சிடப்பட்டிருந்தால், அவை முறையே சோடியம் சிட்ரேட்டும் சோடியம் பாஸ்பேட்டும் ஆகும். சுவைக்கும் பக்குவத்துக்கும் சேர்த்து, பாதி புராசஸ்டு, பாதி இளம் செடார் என்று கலப்பது என் வழக்கம்.

திரிந்துவிட்டதை மீட்க முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். உடனே அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறவிட்டு, இரண்டு கரண்டி பாலில் கால் தேக்கரண்டி சோள மாவைக் கரைத்துக் காய்ச்சிச் சேர்த்து மிக்ஸியில் அடியுங்கள். கொதிக்கக் கொதிக்க மூடிய ஜாரில் ஊற்றினால், நீராவி மூடியைத் தள்ளி முகத்தில் தெறிக்கும், கட்டாயம் ஆறவிடுங்கள். துகள்கள் ரப்பர்போல இறுகிவிட்டால் மட்டும் எதுவும் செய்ய இயலாது.

கேள்வி: மைதா வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பனீரை உருக்கிச் செய்யலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பனீர் உருகாது, ஐயா. எலுமிச்சையின் புளிப்பும் பாலின் சூடும் சேர்ந்து இறுக்கிய புரதம் அது. எவ்வளவு சூடாக்கினாலும் வழியாது. ஆனால் அரைத்தால் வெண்ணெய்போல ஆகும். 100 கிராம் மென்மையான பனீர், துருவிய சீஸ் 50 கிராம், மெல்லிய துணியில் கட்டிக் குளிர்பதனப் பெட்டியில் மூன்று மணி நேரம் நீர் வடித்த தயிர் அரைக் கிண்ணம், ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் கொத்தமல்லித் தழை ஆகியவற்றை மிக்ஸியில் விட்டுவிட்டு அரைத்தால், அடுப்பே மூட்டாமல் டிப் கிடைத்துவிடும். புளிக்காத தயிராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மீந்ததை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: பரிமாறிய இரண்டு மணி நேரத்துக்குள், மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் மூன்று நாள் தாங்கும். சமைத்த டிப்பை எடுத்துப் பயன்படுத்தும்போது நேரடியாகத் தீயில் வைக்காமல், வெந்நீர் நிறைந்த பெரிய பாத்திரத்துக்குள் கிண்ணத்தை நிறுத்தி, ஒரு கரண்டி பால் விட்டுக் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள்.