காற்று திரும்பினால் சத்தமும் திரும்பும்: மீனம்பாக்கம் விமானப் பாதை பற்றி கேள்வி பதில்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அனகாபுத்தூரில் பல வருஷம் குடியிருந்ததால் டவரிலிருந்து பார்த்த அனுபவமும் உண்டு, மொட்டை மாடியில் நின்று காதைப் பொத்திக்கொண்ட அனுபவமும் உண்டு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கோபத்தோடு கேட்டவர்களுக்கும் பதில் இருக்கிறது.

சரவணன், பம்மல்: சார், ஜூன், ஜூலையில் எங்கள் தலைக்கு மேலேதான் எல்லா விமானமும் கிளம்புகிறது. நவம்பரில் பார்த்தால் அதே இடத்தில் இறங்குகிறது. பாதையை யார் மாற்றுகிறார்கள்?

காற்றுதான். விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். சென்னையின் பெரிய ஓடுபாதைக்கு 07/25 என்று பெயர். ஒரு முனையிலிருந்து ஓடினால் திசைகாட்டியில் சுமார் 70 டிகிரி, மறு முனையிலிருந்து ஓடினால் 250 டிகிரி. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வரும்போது 25ஐப் பயன்படுத்துவார்கள். அப்போது டேக் ஆஃப் எல்லாம் பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம். இறங்குகிறவை கடலிலிருந்து அடையாறு, கிண்டி வழியாக வரும். வடகிழக்குப் பருவத்தில் இது அப்படியே தலைகீழ்.

லதா, அடையாறு: எங்களுக்குப் பருவம்கூட வேண்டாம். ஒரே நாளில் காலையில் ஒரு மாதிரி, மதியத்துக்கு மேல் வேறு மாதிரி.

கடற்காற்றம்மா. கோடையில் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, மதியம் கடற்காற்று நுழைந்ததும் கிழக்குக்குத் திரும்பும். டவரில் அந்த நேரம் கொஞ்சம் பரபரப்பாக இருக்கும். வரிசையில் நிற்கிற விமானங்களை எல்லாம் மறு முனைக்கு அனுப்ப வேண்டும். உங்கள் வீட்டுக்கு மேல் அதுவரை இறங்கிக்கொண்டிருந்தவை அதற்குப் பிறகு ஏற ஆரம்பிக்கும்.

பெயர் வேண்டாம், ஆலந்தூர்: பக்கத்தில் இவ்வளவு பெரிய கடல் இருக்கிறது. எல்லா விமானமும் கடல் பக்கமாகவே போய், கடல் பக்கமாகவே வந்தால் என்ன?

நீங்கள் ஆலந்தூரிலிருந்து இதைக் கேட்பது வேடிக்கையாக இருக்கிறது. ஓடுபாதையின் கிழக்கு முனைக்கும் கடலுக்கும் நடுவில் சுமார் பத்து கிலோமீட்டர் இருக்கிறது. அந்தப் பத்து கிலோமீட்டரில்தான் பரங்கிமலை, உங்கள் ஆலந்தூர், கிண்டி, அடையாறு எல்லாம். விமானம் கடலைத் தொடுவதற்குள் உங்கள் தூக்கம் போய்விடும். இன்னொன்று, கடல் பக்கமே கிளம்பி, கடல் பக்கமே இறங்கினால் போகிறதும் வருகிறதும் எதிரும் புதிருமாக வரும். விமானம் குறைவாக இருக்கிற நேரத்தில் இடைவெளி விட்டுச் செய்யலாம். நெரிசலில் முடியாது.

சத்தத்துக்காக ஓடுபாதையைத் தேர்ந்தெடுப்பதற்கும் எல்லை உண்டு. பின்காற்றின் வேகம் 5 நாட் (knot, விமானத் துறையில் காற்று வேகத்தின் அலகு) அளவுக்கு மேலோ, பக்கக்காற்றின் வேகம் 15 நாட் அளவுக்கு மேலோ போனால் சத்தத்தைக் காரணம் காட்டி ஓடுபாதையைத் தேர்வு செய்யக் கூடாது என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் உங்கள் தூக்கத்தைவிட விமானத்தில் இருப்பவர்களைத்தான் பார்ப்பேன்.

நித்யா, பொழிச்சலூர்: பகல் சத்தம் பழகிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறதே, அது ஏன் இவ்வளவு பயங்கரமாக இருக்கிறது? கைக்குழந்தை வைத்திருக்கிறேன்.

மூன்று காரணம் சேர்கிறது. நடுராத்திரி கிளம்புவதில் தூரதேச விமானங்கள் உண்டு. இங்கே ராத்திரி கிளம்பினால்தான் ஐரோப்பாவில் காலையில் இறங்கி, பயணிகள் அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியும். அங்கே பல ஊர்களில் ராத்திரியில் இறங்கத் தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது. ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை வழக்கமான விமானங்கள் கிடையாது. அவர்கள் ஊர் தூங்குவதற்காக நம் ஊர் விழிக்கிறது என்று சொன்னால் அது முழுப் பொய் இல்லை.

இரண்டாவது, தூரம் போகிற விமானத்தில் எரிபொருள் நிறைய இருக்கும். கனத்தோடு மெதுவாக ஏறும், உங்கள் வீட்டைத் தாழ்வாகக் கடக்கும். மே மாதச் சூட்டில் காற்று லேசாகிவிடுவதால் ஏற்றம் இன்னும் மந்தம். மூன்றாவது, ராத்திரியில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருப்பது வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழே திரும்பும். தூரத்து ரயில் ராத்திரியில் பக்கத்தில் கேட்பதும் இதனால்தான்.

வழக்கறிஞர் ஒருவர், குரோம்பேட்டை: குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல்தானே வரம்பு? இது அப்பட்டமான விதிமீறல் இல்லையா?

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 என்று இருப்பது உண்மை. ஆனால் விமான நிலையங்களுக்கு 2018இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தனி வரம்பு கொண்டுவந்தது. வருஷத்துக்கு 50,000க்கு மேல் விமானங்கள் வந்துபோகிற நிலையத்துக்குச் சராசரியாகப் பகலில் 70, இரவில் 65 டெசிபல். சென்னை அந்த எண்ணிக்கையை எப்போதோ தாண்டிவிட்டது.

இதில் நுட்பம் ‘சராசரி’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் மூன்று விமானம், ஒவ்வொன்றும் 15 விநாடி, 80 டெசிபல், மற்றபடி அமைதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி போட்டால் சுமார் 61தான் வரும். 65க்குள் அடங்கிவிட்டது, சட்டப்படி சரி. ஆனால் நித்யாவின் குழந்தை மணிக்கு மூன்று முறை அலறி எழும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் விமானச் சத்தத்துக்குப் பரிந்துரைத்தது இரவில் 40 டெசிபல். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

அதே வழக்கறிஞர்: அப்படியென்றால் மனு போட்டும் பயனில்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. ‘விமானத்தை வேறு பக்கம் விடு’ என்று கேட்காதீர்கள் என்கிறேன். வேறு பக்கத்திலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள், அடுத்த மாதம் அவர்கள் மனு போடுவார்கள். முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை எந்த ஓடுபாதை எத்தனை மணி நேரம் பயன்பட்டது, ஒலி அளவுப் பதிவுகள், எங்கே எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஒலி வரைபடம் போட்டிருந்தால் அதன் நகல். இவை கையில் இருந்தால் காற்று இடம் கொடுத்த ராத்திரிகளில்கூட ஒரே பக்கத்துக்கு அனுப்பினார்களா என்பது தெரியும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வெறும் கோபத்தோடு போவதைவிட அட்டவணையோடு போவது நல்லது.

கார்த்திக், திருநீர்மலை: விமானி நினைத்தால் சத்தத்தைக் குறைக்க முடியாதா?

முடியும், ஆனால் யாருக்குக் குறைக்க என்பதுதான் கேள்வி. கிளம்பும்போது இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், 800 அடிக்கு மேல் போனதும் இன்ஜின் விசையைக் குறைத்து, வேகத்தைக் கூட்டாமல் 3,000 அடி வரை செங்குத்தாக ஏறுவார்கள். ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது நல்லது. மற்றதில், 800 அடி தாண்டியதும் மூக்கைத் தாழ்த்தி வேகமெடுத்து இறக்கை மடிப்புகளை உள்ளே இழுப்பார்கள். இது தள்ளி இருப்பவர்களுக்கு நல்லது, எரிபொருளும் மிச்சம். பொழிச்சலூர்காரர் முதலாவதைக் கேட்பார், நீங்கள் இரண்டாவதைக் கேட்பீர்கள்.

உண்மையான குறைப்பு இன்ஜினில்தான் நடந்தது. ஜெட்டிலிருந்து பீய்ச்சும் காற்றின் வேகத்தைப் பொறுத்து, சத்தத்தின் ஆற்றல் எட்டாம் அடுக்கில் ஏறும் என்று 1952இல் பிரிட்டிஷ் கணித அறிஞர் ஜேம்ஸ் லைட்ஹில் கணக்குப் போட்டார். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சத்தத்தின் ஆற்றல் ஆறில் ஒரு பங்காகிவிடும். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் அதே விசை கிடைக்கும், அதனால்தான் இன்ஜின் வாய் வருஷத்துக்கு வருஷம் அகலமாகிறது.

முத்து, கொளப்பாக்கம்: முன்பு விமானங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பறக்கும். இப்போது கயிறு கட்டினாற்போல் ஒரே கோட்டில். என் பிரமையா?

பிரமை இல்லை. செயற்கைக்கோள் வழிகாட்டுதல் வந்தபின் உலகம் முழுக்க இந்தப் புகார் உண்டு. பெரிய வழக்கு அமெரிக்காவில், பீனிக்ஸ் நகரத்தில். 2014 செப்டம்பரில் கிளம்பும் பாதைகளை மாற்றினார்கள். பழைய குடியிருப்புகளுக்கு மேல் விமானங்கள் கோடு போட்டது போல் வரத் தொடங்கின. நகராட்சியும் குடியிருப்போரும் வழக்குப் போட்டு 2017இல் ஜெயித்தார்கள். மக்களிடம் ஒழுங்காகக் கேட்காமல் செய்தது தவறு என்றது நீதிமன்றம்.

ஒரு கோட்டில் விட்டால் சிலருக்கு முழுத் தொல்லை, பரத்திவிட்டால் எல்லோருக்கும் கொஞ்சம் தொல்லை. லண்டன் ஹீத்ரோவில் நடுவழி ஒன்று வைத்திருக்கிறார்கள். மேற்குக்காற்று நாட்களில், இறங்கும் ஓடுபாதையை மதியம் 3 மணிக்கு மாற்றிவிடுவார்கள். அரை நாளாவது நிம்மதி என்பது முன்கூட்டியே தெரியும். நம் ஊரிலும் கேட்கத் தகுந்தது இப்படி நேரம் தெரிந்த ஓய்வுதான் என்பேன். ஆனால் அவர்களுக்கு ஏறக்குறைய சம நீளத்தில் இரண்டு இணை ஓடுபாதைகள். நமக்கு இருப்பவை ஒன்றையொன்று வெட்டுகிறவை. அதனால் பகலில் சிரமம், ராத்திரிக்குத்தான் கேட்க முடியும்.

விக்னேஷ், பல்லாவரம்: அண்ணா, ஆப்பில் 1,200 அடி என்று காட்டுகிறது. கண்ணுக்கு அதைவிடத் தாழ்வாகத் தெரிகிறது.

உங்கள் கண் சரி. அந்த ஆப்கள் காட்டும் உயரம் பொதுவாகக் கடல்மட்டக் காற்றழுத்தம் 1013 மில்லிபார் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டது. பருவமழைக் காலத்தில் சென்னையில் 1003 இருந்தால், ஆப் சுமார் 280 அடி கூட்டிக் காட்டும். மனுவில் அந்த எண்ணைப் போடாதீர்கள். போனில் எடுத்த டெசிபலும் அப்படித்தான், ஒரு விமானத்தை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் உதவும்.

ஜெயந்தி, கிண்டி: இறங்குகிற விமானத்தில் சில ‘ஊஊ’ என்று ஊளை விடுகிறதே?

நல்ல காது! அது ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானம். இறக்கைக்கு அடியில் எரிபொருள் தொட்டியின் அழுத்தத்தைச் சமன் செய்ய வட்டத் துளைகள் இருக்கின்றன. காலி பாட்டில் வாயில் ஊதினால் வருகிற சத்தம்தான் அது. துளைக்கு முன்னால் சின்னத் தகடு ஒன்றை ஒட்டினால் போய்விடும். 2014இல் ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சா இதை முதலில் போட்டது. இவ்வளவு சின்ன வேலை.

ரமேஷ், பம்மல்: இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டால் பலன் உண்டா?

உண்டு, மூடியே வைத்தால். ஏசி இல்லாமல் சென்னையில் அது நடக்காது. ஜன்னலுக்கு மேல் வென்டிலேட்டர் திறந்திருந்தால் செலவழித்த பணம் வீண். ஷீட் கூரை வீட்டில் ஜன்னலைத் தொடவே வேண்டாம், கூரைக்கு அடியில் முதலில் சீலிங் போடுங்கள்.

ஆசிரியை ஒருவர், அனகாபுத்தூர்: வகுப்பில் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு இது பழகிவிடும் என்கிறார்களே?

பழகாது. மியூனிக்கில் 1992இல் பழைய விமான நிலையத்தை மூடிப் புதியதைத் திறந்தபோது, இரு இடத்துப் பிள்ளைகளையும் முன்னும் பின்னும் சோதித்தார்கள். பழைய நிலையத்தருகே வாசிப்பும் நினைவாற்றலும் முன்னேறின, புதியதன் அருகே பின்தங்கின. மூடினால் மீளும் என்பது ஒரு ஆறுதல். உங்கள் மனுவில் இதைச் சேருங்கள், வகுப்பு நின்ற நேரங்களை ஒரு வாரம் குறித்து இணையுங்கள்.

செந்தில், காஞ்சிபுரம்: பரந்தூர் பக்கம் மனை வாங்கலாமா? உயரத்துக்குத் தடையின்மைச் சான்றிதழ் கிடைக்கும் என்கிறார் புரோக்கர்.

அந்தச் சான்றிதழ் கட்டடம் விமானத்துக்கு இடிக்காது என்று மட்டும் சொல்லும். விமானம் உங்கள் காதை இடிக்காது என்று சொல்லாது. 2022இல் அறிவித்த அந்தப் புதிய விமான நிலையத் திட்டத்தில் இரண்டு இணை ஓடுபாதைகள். ஏகனாபுரத்து மக்கள் நிலத்துக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அது தனி விவகாரம், எனக்கு அவர்கள் பக்கம் அனுதாபம் உண்டு. சத்தத்தை மட்டும் கேட்டால்: ஒலி வரைபடம் நீண்ட மாவிலை மாதிரி ஓடுபாதையின் இரு முனையிலும் நீளும். பக்கவாட்டில் மூன்று கிலோமீட்டரில் இருப்பது, நேர்க்கோட்டில் எட்டு கிலோமீட்டரில் இருப்பதைவிட அமைதியாக இருக்கலாம். ஓடுபாதைக் கோட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நீட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கவின், 5ஆம் வகுப்பு (அப்பா போனிலிருந்து): அங்கிள், விமானம் இறங்குவதைப் பக்கத்தில் பார்க்க எந்தப் பக்கம் போகணும்?

கிளம்பும் முன் மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார், கவின். மேற்கே பறந்தால் கடற்காற்று. பம்மல் பக்கம் போ. கிழக்கே பறந்தால் கிண்டி பக்கம்.