மூன்று விலைமனுவுக்குள் அடங்காத நூலகம்

பதுளைப் பக்கமிருந்து ஓர் உதவி நூலகர் கேட்டிருக்கிறார்: அடுத்த வருடம் அவருடைய பல்கலைக்கழகத்தில் நகர, பிரதேச திட்டமிடல் பட்டப்படிப்பு தொடங்குகிறதாம். நூல் வாங்க 20 இலட்சம் ரூபா ஒதுக்கியிருக்கிறார்கள். விரிவுரையாளர்கள் 400 வெளிநாட்டு நூல்களுக்குப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். கொழும்பு முகவர் ஒருவர் "முழுத் தொகுதியாகவே தருகிறேன், மலிவாக" என்கிறார். டிசம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். என்ன செய்யலாம்?

தங்கச்சி, அந்த முகவருக்கு இன்னும் ஓடர் கொடுக்கவில்லைதானே? நல்லது, கொடுக்காதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இத்துறையில் வெளிநாட்டுக் கெட்டி அட்டை நூல் ஒன்று சாதாரணமாக 100 ஸ்டேர்லிங் பவுணைத் தொடும், நம் காசில் 40,000 ரூபா அளவு. 20 இலட்சத்துக்கு 50 நூல்தான் வரும். அப்படியிருக்க 400 நூலும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த 400 எப்படிப்பட்டவை என்று கேட்க வேண்டாமா?

நான் சொல்கிறேன். பாதி இந்திய மலிவுப் பதிப்பாக இருக்கும். அதில் தவறில்லை, இலங்கையிலும் விற்கத்தான் அவை அச்சாகின்றன. பற்றுச்சீட்டில் லண்டன் விலையைப் போட்டு அதிலிருந்து "கழிவு" தருவதாகக் காட்டுவதுதான் திருட்டு. அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள், எந்த நாடுகளில் மட்டும் விற்கலாம் என்று பெரும்பாலும் அங்கே அச்சிட்டிருக்கும். இன்னொரு பங்கு, உலக வங்கி, யூ.என். ஹெபிடாட் என்ற ஐ.நா. குடியிருப்பு அமைப்பு ஆகியவற்றின் அறிக்கைகளை அச்சடித்துக் கட்டியதாக இருக்கும். உலக வங்கி 2012 இலிருந்து தன் வெளியீடுகளை இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது, அதற்கு நீங்கள் காசு கொடுப்பீர்கள். எல்லாவற்றிலும் மோசமானது மூன்றாவது வகை. நகரத் திட்டமிடல் என்று பெரிய தலைப்பு, அழகான அட்டை, உள்ளே விக்கிப்பீடியாக் கட்டுரைகளை வரிசையாக அச்சடித்திருப்பார்கள். எங்கள் நூலகத்துக்கே அப்படி ஒன்று வந்தது. சேர்க்கை எண் போட்டு முத்திரையும் குத்திய பிறகுதான் ஒரு மாணவி வந்து, "சேர், இதை நான் போனிலேயே வாசித்திருக்கிறேனே" என்றாள். முத்திரை விழுந்த நூலைத் திருப்பி எடுக்க எந்த முகவரும் வரமாட்டார்.

சந்தாவுக்கு எடுக்கும் மின்னூல் தொகுதியும் வேண்டாம், கட்டணம் டொலரில். சந்தா நின்ற அடுத்த நாள் ஒரு பக்கமும் மிஞ்சாது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது நாடெங்கும் நூலகர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

சரி, எதைத்தான் வாங்குவது? பாடத்திட்டம் கையில் இருக்கிறதுதானே, விரிவுரையாளர்களை உட்காரவைத்து முதல் இரண்டு வருடத்துக்குக் கட்டாயமான 25 தலைப்புகளைக் குறிக்கச் சொல்லுங்கள், முறைப்பார்கள், பரவாயில்லை. அவற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கொப்பி, முடிந்தவரை மலிவுப் பதிப்பில். மிச்சக் காசு எந்த முகவரும் விற்காத சரக்குக்குப் போகட்டும்.

ஏன் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நகரத்தில் வாழ்பவர்கள் 18.2 வீதம்தான். மாணவர் இதை வெளிநாட்டுப் பாடநூலோடு சேர்த்து வாசித்தால் இது ஏதோ பெரிய கிராமம் என்றுதான் நினைப்பார். விஷயம் வேறு. நம் நாட்டில் மாநகர சபையும் நகர சபையும் மட்டுமே நகரம், பிரதேச சபைக்குள் வருவதெல்லாம் கிராமம் அல்லது தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா பஸாரில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது, ஆனாலும் அது நகரம் இல்லை! இதை எந்த லண்டன் நூலும் சொல்லித்தராது. குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளும், மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல்களும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும்தான் சொல்லும். அந்தச் சட்டத்தைத் திருத்தத்தோடு வாங்குங்கள். தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க வழி திறந்தது 2018 திருத்தத்தில்தான், அது இல்லாத கொப்பியை வைத்துப் படித்தால் லயத்துப் பாதை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் போகும் பாதை) யார் பொறுப்பு என்ற கேள்விக்கே பிழையான விடை வரும். 1946 நகர, கிராம திட்டமிடல் கட்டளைச்சட்டம், 1978 நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் இரண்டும் அப்படித்தான், திருத்தங்களோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும்.

அடுத்தது வரைபடம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளில் ஒரு சென்ரிமீற்றர் அரைக் கிலோமீற்றர். அதில் லயம் ஒரு புள்ளி, சரிவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. 1:10,000 தாளில் ஒரு சென்ரிமீற்றர் 100 மீற்றர், இந்த அளவில்தான் மலையகத்துக்கு வேலை நடக்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களும் இந்த அளவில் இருக்கின்றன. உங்கள் மாவட்டத் தாள்கள் கட்டாயம் வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை இறங்குமுன்பே அங்கே ஆபத்து என்று இதே நிறுவனம் எச்சரித்திருந்தது. அந்தக் காகிதம் எத்தனை பேர் கையில் இருந்தது?

இனித்தான் உங்கள் நிதிக்கிளை குறுக்கே வரும். "மூன்று விலைமனு எங்கே?" என்று கேட்கும். மூன்று கடையில் விலை எழுதி வாங்கி ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும் என்பது, புத்தகக் கடையில் வாங்கும்போது நல்ல விதிதான். ஆனால் திணைக்களத்து வரைபடத்தைத் திணைக்களம்தான் விற்கும், இரண்டாவது விலைமனுவை யாரிடம் போய்க் கேட்பது? நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதை இரண்டு வருடம் இழுத்தார்கள். கடைசியில் ஒரு கடைக்காரர் திணைக்களத்தில் வாங்கி, மேலே இலாபம் வைத்து விலைமனு போட்டார், மற்ற இரண்டு விலைமனுவும் அவருடைய மச்சான்மாருடையவை, கோப்பு சுத்தம், கணக்காய்வும் திருப்தி! நேராக வாங்கியிருந்தால் மிஞ்சியிருக்கும் காசில் இன்னும் பத்துத் தாள் வந்திருக்கும்.

அரச கொள்வனவு வழிகாட்டியில் நேரடிக் கொள்வனவு என்று ஒரு வழி இருக்கிறது, ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருளுக்கு. அதைத் தாள் தாளாகக் கேட்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கூட்டம், ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. நில அளவைத் திணைக்களம், தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம், கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், அரசாங்க வெளியீட்டுப் பணியகம் நான்கையும் ஒரே கடிதத்தில் எழுதி, வெளியிடுபவரும் விற்பவரும் இவர்களே என்று விளக்கி, கிடைக்கும் விலைப்பட்டியல்களை இணைத்து, வருடத்துக்கு ஒருமுறை கொள்வனவுக் குழுவில் அனுமதி எடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், இந்த அனுமதி வெளியிட்டவரே விற்கும்போதுதான் செல்லும். உங்கள் முகவரும் நாளைக்கு "நான்தான் இலங்கைக்கு ஏக விநியோகஸ்தர்" என்று வண்ணக் கடிதம் ஒன்றை நீட்டுவார். அதைக் கண்டதும் நம்பிவிடாதீர்கள். கடிதத்தின் திகதியைப் பாருங்கள், வெளியீட்டாளருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பாதிக் கடிதம் காலாவதியானதாக இருக்கும்.

மாநகர சபை, பிரதேச சபைகளின் அபிவிருத்தித் திட்டங்கள் எந்தக் கடையிலும் இல்லை. வர்த்தமானியில் வந்ததைத் தரவிறக்கிக்கொள்ளலாம். வராததைச் சிரித்த முகத்தோடு கேட்டுப்பாருங்கள். சிரிப்பு பலிக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும், காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரில் அல்ல, உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள், துணைவேந்தரின் கையொப்பத்துக்காக ஒரு மாதம் காத்திருக்கத் தேவையில்லை.

பழைய அறிக்கைகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். சட்டப்படி நாட்டின் அச்சு வெளியீடுகள் போய்ச்சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று. பத்து வருடம் தாண்டியதைக் கழிக்கும் நம் வழக்கமான விதி திட்டமிடலுக்குப் பொருந்தாது. நீங்கள் அங்கே நடந்துபோகும் வளாகத்தை கிளிபர்ட் ஹொலிடேயோடு சேர்ந்து திட்டமிட்ட பிரித்தானிய நகரத் திட்டமிடலாளர் பட்ரிக் அபர்குரொம்பிதான் 1948 கொழும்புப் பிரதேசத் திட்டத்தையும் போட்டார். இன்றைய நெரிசலைப் படிக்கிறவருக்கு அன்றைய வரைபடமும் வேண்டும்.

பகுப்பாக்கத்தில் ஒரு சிறு தொல்லை. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் போடும் டூயி முறையில் இந்தத் துறை 711இலும் 307.1216இலும் பிரிந்து உட்காரும். எண்ணை மாற்றி விளையாடாமல் 711 தட்டில் ஓர் அட்டை மாட்டி மற்ற இடத்தைக் காட்டிவிடுங்கள்.

20 இலட்சத்தில் வரைபட அலுமாரிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். அகலமான லாச்சி, வரைபடம் மடிக்காமல் படுக்க வேண்டும். ஊரில் நல்ல தச்சர் இருந்தால் கொழும்பு விலையில் பாதிக்குச் செய்துதருவார். வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மழை மாதத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். இராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் நம் பனி நல்ல விருந்து. லாச்சிக்கு ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, நிறம் மாறினால் மாற்றுங்கள். அலுமாரிக்கு மட்டும் மூன்று விலைமனு தாராளமாகக் கேட்கலாம்.