குடை எடுத்தான், சரி. அப்புறம்?

கேள்வி: கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன். 'பதேர் பாஞ்சாலி' படத்தின் அப்புவைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். "அக்கா துர்கா இறந்த பிறகு அப்பு பொறுப்புள்ளவனாக மாறுகிறான். வெளியே போகும்போது குடை எடுத்துக்கொள்கிறான். திருட்டு மாலையைக் குளத்தில் எறிகிறான். இவை அவன் முதிர்ச்சியைக் காட்டுகின்றன" என்று ஒரு பத்தி. ஆசிரியர் "ஆதாரத்தை விளக்கவில்லை" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். காட்சியைச் சொல்லிவிட்ட பிறகு விளக்க இன்னும் என்ன இருக்கிறது?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: நீங்கள் எடுத்த இரண்டு காட்சிகளும் அருமையானவை. 1955-இல் வந்த சத்யஜித் ராயின் அந்தப் படத்தில் அப்பு அதிகம் பேசுவதே இல்லை. அவன் மனசுக்குள் போக இவற்றைவிட நல்ல வழி கிடைக்காது. ஆனால் ஆளுக்கொரு வரியில் முடித்துவிட்டு நேராக 'முதிர்ச்சி'க்குத் தாவிவிட்டீர்கள். நடுவில் நீங்கள் யோசித்தது எதுவும் தாளுக்கு வரவில்லை.

முதலில் குடை. மழைக்காலத்தில் குடை எடுக்கிற பையன் எல்லாம் முதிர்ந்தவனா? அந்தக் குடைக்கு அர்த்தம் வருவது அதற்கு முன்னால் நடந்தவற்றால்தான். தூங்கும் அப்புவை எழுப்புகிறவள் துர்கா. போர்வைக் கிழிசலை அவள் விலக்கும்போதுதான் அவன் கண்ணையே நாம் பார்க்கிறோம். அம்மாவும் அக்காவும் சேர்ந்து அவனைத் தயார்செய்து பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அப்புறம் அந்தப் பெருமழை. துர்கா ஆசைதீர நனைகிறாள், மரத்தடியில் தம்பியைச் சேலைக்குள் இழுத்து அணைத்துக்கொள்கிறாள், காய்ச்சலில் விழுகிறாள், செத்துப்போகிறாள். அதற்குப் பிறகு அப்பு தானே பல் துலக்குகிறான், தானே தலை வாருகிறான். வெளியே கிளம்பியவன் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து குடையை எடுக்கிறான். யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் பத்தி இப்படி வரும்: "அம்மாவும் அக்காவும் செய்துவிட்டதை அப்பு இப்போது தானே செய்துகொள்கிறான். மழை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன்னைச் சேலையால் மூட அக்கா இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. குடைக்காக அவன் திரும்பி வருவதில் பொறுப்பைவிட இழப்பின் அறிவுதான் தெரிகிறது." பாருங்கள், உங்கள் 'பொறுப்பு' என்ற சொல்லே இடம் மாறிவிட்டது. விளக்கி எழுதும்போதுதான் நம் கருத்து எவ்வளவு சரி என்று நமக்கே பிடிபடுகிறது. ஆசிரியர் கேட்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

மாலைக் காட்சியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அக்கா செய்த திருட்டை அப்பு மறைப்பது முதிர்ச்சியா, வெறும் பயமா என்று படிப்பவர் கேட்பார். நீங்களே அந்தக் கேள்வியை எழுப்பிப் பதிலும் சொல்லுங்கள். துர்கா மாலையை எடுக்கவில்லை என்றுதான் சொன்னாள். அம்மாவிடம் அடியும் வாங்கினாள். இப்போது அவள் இல்லை, குடும்பம் காசிக்குக் கிளம்புகிறது, மாலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பயப்பட என்ன இருக்கிறது? அவன் எறிவதால் அக்காவின் பெயர் மட்டும்தான் காப்பாற்றப்படுகிறது. விலகிய குளத்துப்பாசி மறுபடி மூடிக்கொள்வதைக் கேமரா காட்டுகிறது; அதையும் எழுதுங்கள். கதையைச் சொன்னால் மட்டும் போதாது, படம் அதை எப்படிக் காட்டுகிறது என்பதும் ஆதாரம்தான்.

ஒலியும் அப்படியே. கணவன் திரும்பி வந்ததும் அப்புவின் அம்மா சர்பஜயா உடைந்து அழும் இடத்தில் அவள் குரல் நமக்குக் கேட்காது. வில்லால் வாசிக்கும் தந்திக் கருவியான தார் ஷெனாய்தான் கேட்கும். "கதறி அழுகிறாள்" என்று மட்டும் எழுதினால் அந்தக் காட்சியில் பாதி போய்விடும்.

மூன்றாவதாக இன்னொரு காட்சி சேர்க்கலாமா என்று தோன்றும். வேண்டாம். ஒரே பத்தியில் திணித்ததை இரண்டாகப் பிரித்து, குடைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று எழுதுங்கள். எழுதும் முன் இரண்டு காட்சிகளையும் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். முடித்ததும் அதே ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.