ஒரு நாவல் படமானால் மக்களுக்கு எது அதிகம் பிடிக்கிறது, நாவலா படமா? ஏன்?

அந்த நாவலைத் தங்கள் சொத்தாக நினைப்பவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது என்பேன்.

2022 செப்டம்பர் கடைசியில் பொன்னியின் செல்வன் படத்தின் முதல் பாகம் வந்தபோது, இங்கே சிங்கப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தலைமுறையும் சேர்ந்து போனோம். அம்மா கல்கியின் நாவலை, ஐந்து பாகத்தையும், கணக்கில்லாமல் படித்தவர். நான் ஒரே முறை. என் மகள் திரைக்குக் கீழே ஓடிய ஆங்கில வரிகளைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரத்திலேயே அம்மா என் காதருகே குனிந்து, "வீராணம் ஏரி எங்கடா?" என்றார். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் ஏரிக்கரையில் குதிரையில் வருவதில்தானே கல்கி கதையை ஆரம்பிப்பார். படம் போர்க்களத்துக்குப் போய்விட்டது.

அடுத்த ஏப்ரலில் இரண்டாம் பாகம். சேந்தன் அமுதன் யார் என்ற அந்தப் பெரிய திருப்பமே அதில் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எம்ஆர்டி ரயிலில் அம்மாவுக்கு அதே புலம்பல்தான். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. இரண்டு படமும் சேர்த்தே ஐந்தரை மணி நேரம். எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் காத்திருந்து படித்த கதை அது. அப்புறம் புத்தகமாகவும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ஆளுக்கொரு நந்தினி மனசில் இருக்கிறாள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி நம்மைக் குழம்ப விடலாம். கேமரா அந்த அறைக்குள் போய்விட்டால் எதையாவது காட்டியாக வேண்டும். காட்டியதும் பலருடைய ஊகம் பொய்யாகிவிடுகிறது.

உதிரிப்பூக்கள் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து மகேந்திரன் எவ்வளவோ விலகிப் போனார். யாரும் சண்டைக்கு வரவில்லை, படித்தவர்கள் குறைவு. அசுரனும் அப்படித்தான். பூமணியின் வெக்கை கொலை செய்த பையனின் பக்கத்திலேயே நிற்கும். படம் அப்பாவின் கதையாகிவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் தமிழ் நண்பர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு நாவல் இருப்பதே தெரியாது. அவர்களைக் கேட்டால் படம்தான் என்பார்கள். வேறு எதைச் சொல்ல முடியும்?

மகளுக்குப் படம் ரொம்பப் பிடித்தது, குறிப்பாகக் குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் இடம். அதைப் பார்த்துவிட்டுத்தான் நூலகத்தில் முதல் பாகத்தை எடுத்து வந்தாள். தமிழ் மெதுவாகத்தான் ஓடுகிறது. மூன்று வாரத் தவணை முடிந்து ஒரு முறை புதுப்பித்தும் ஆயிற்று. போன வாரம், "பாட்டி, மணிமேகலைன்னு ஒருத்தி வர்றாளே, படத்துல இவ இல்லவே இல்லையே?" என்று கேட்டாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று இரவு சாப்பாடு ஒன்பதரைக்கு.