மீட்கப்பட்டவர்களின் வைத்தியச் செலவு யார் பொறுப்பு?

கேள்வி: என் தம்பியும் அவன் மனைவியும் 6 வருடம் செங்கல் சூளையில் கொத்தடிமையாகக் கிடந்து, போன மாதம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) மூலம் மீட்கப்பட்டார்கள். நாங்கள் இருளர். தம்பி மனைவிக்குக் கையில் ஆறாத தீக்காயம். தம்பிக்கு விடாத இருமல். சூளைக்காரர், "புகாரை வாபஸ் வாங்கினால் வைத்தியச் செலவை ஏற்கிறேன், இல்லையென்றால் அட்வான்ஸ் 40,000 ரூபாயைக் கட்டு" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அவர் காசைத் தொடாதீர்கள், அம்மா. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976-இன் 6-ஆவது பிரிவின்படி அந்த அட்வான்ஸ் கடனே செத்துப்போய்விட்டது. அதை இப்போது வசூலித்தால் 9-ஆவது பிரிவின்படி அவருக்குத்தான் 3 ஆண்டு வரை சிறை. மிரட்டலையும் போலீஸில் எழுதிக் கொடுங்கள்.

நாளைக் காலையே இருவரையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். காயம் எங்கே, எப்படிப் பட்டது, எத்தனை நாள் வைத்தியம் மறுக்கப்பட்டது என்று மருத்துவரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதச் சொல்லி, அதன் நகல் வாங்குங்கள். காயம் ஆறிவிடும், அந்தத் தாள்தான் நாளை கோர்ட்டில் பேசும். தம்பிக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் அவசியம். காசநோய் என்றால் மருந்து முழுக்க இலவசம்.

கொத்தடிமையிலிருந்து விடுவித்ததற்கு ஆர்.டி.ஓ. தரும் விடுவிப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆளுக்கு 30,000 ரூபாய் வரை உடனடி உதவி உண்டு. வழக்கு முடியும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கு 2 லட்சம் என்ற பெரிய தொகைதான் தண்டனைத் தீர்ப்போடு கட்டப்பட்டிருக்கிறது. இந்த நிபந்தனை எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

பலர் கேட்காமல் விடும் உரிமை ஒன்று இருக்கிறது. நீங்கள் பழங்குடியினர், சூளைக்காரர் பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லையென்றால், கொத்தடிமையாக வைத்தது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். எஃப்.ஐ.ஆரில் பிரிவு 3(1)(எச்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எஸ்.பி.க்கு மனு கொடுங்கள். அச்சட்டத்தின் 11-ஆவது விதிப்படி மருந்து, சிறப்பு மருத்துவர் ஆலோசனை, சாப்பாடு, பழம் வாங்கிய செலவைக்கூட மாவட்ட நிர்வாகத்திடம் திருப்பிக் கேட்கலாம். ஒரு ரசீதையும் எறியாதீர்கள். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால், பழங்குடியினருக்கு அதைத் தருபவரும் அதே ஆர்.டி.ஓ.தான், விடுவிப்புச் சான்றிதழும் இல்லையென்றால் இரண்டுக்கும் ஒரே நாளில் மனு கொடுங்கள்.

வக்கீல் பீஸ் பற்றிக் கவலை வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வருமானம் பார்க்காமல் உங்களுக்கு வக்கீல் வைத்துத் தர வேண்டும். தொலைபேசி எண் 15100.